ரசிகர்கள் பணம் திரட்டி உள்ளூர் கால்பந்து கிளப்புக்கு வீரரை எடுத்துத் தர முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் வீரரில் உங்களுக்குப் பங்கு கிடைக்காது. "இவரை விற்றால் எங்களுக்கு இத்தனை சதவீதம்" என்று வெளியாட்கள் எழுதி வாங்குவதை 2015 மே 1 முதல் ஃபிஃபா தடை செய்துவிட்டது. நன்கொடையாகத் தரலாம், இல்லையென்றால் கிளப்பிலேயே பங்கு வாங்கலாம். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் சிட்டி கிளப் 2003-ல் அப்படித்தான் ரசிகர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

பலரும் கோட்டைவிடுவது சம்பளத்தில்தான். வீரரை விட்டுத்தர அவருடைய பழைய கிளப் கேட்கும் மாற்றுத் தொகையை ஒருமுறை கட்டினால் முடிந்தது, சம்பளமோ ஒப்பந்தம் முடியும்வரை மாதாமாதம் வரும். அதனால் ஒரே மூச்சில் பெரிய வசூலைவிட, ஆளுக்குக் கொஞ்சமாக மாதச் சந்தா எவ்வளவோ மேல் என்பேன்.

மைதான வாசலில் உண்டியல் குலுக்கினால், அன்றிரவே இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதி, கையெழுத்துப் போடுங்கள். தனி வங்கிக் கணக்கு கட்டாயம். பேச்சுவார்த்தை முறிந்தால் பணம் திரும்புமா, இளையோர் அணிக்குப் போகுமா என்பதை முதல் காசு வாங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.