டிராகன் படகுத் திருவிழா கவிஞர் ச்சூ யுவான் நினைவாகத்தான் வந்ததா?

சீனாவின் சுசோவ் நகரில் வேலை பார்த்தபோது இதையே பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அவர் ஹூனான்காரர்களுக்கு. எங்களுக்கு வூ சிசூதான்!"

ச்சூ யுவான் மிலுவோ ஆற்றில் உயிரை விட்டது கி.மு. 278 என்பார்கள். வூ சிசூ அவருக்கு 200 வருடம் மூத்தவர், இந்தப் பக்கத்து வூ நாட்டு அமைச்சர். சாகச் சொல்லி அரசனே வாள் அனுப்பினான், உடலைத் தோல்பையில் கட்டி ஆற்றில் விட்டார்கள். ஜெஜியாங் பக்கம் போனால், மூழ்கிப்போன அப்பாவைத் தேடி ஆற்றில் குதித்த சாவ் அ என்ற சிறுமியைச் சொல்வார்கள். ஒரே நாளுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினால், நாள் மூவருக்கும் முந்தியது என்றுதான் எனக்குப் படுகிறது.

சீனச் சாந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். வெக்கையும் ஈரமும் சேர்ந்து பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி எல்லாம் வெளியே வரும் பருவம். இவைதான் 'ஐந்து நஞ்சு'. அன்று பிறந்த பிள்ளை வாசல்நிலை உயரம் வளர்ந்தால் பெற்றவர்களுக்கு ஆகாது என்று ஒரு பயம். பழங்காலச் சீனப் பிரபு தியன் வென் அப்படிப் பிறந்தவன். அப்பா வளர்க்காதே என்றார். அம்மா ஒளித்து வளர்த்தாள். பின்னால் தெரிந்து அப்பா கோபத்தில் குதித்தபோது பையன் சொன்னானாம்: "அப்படியானால் நிலையை உயர்த்திக் கட்டுங்கள், யாருக்கு எட்டும்?"

பண்டிகைக்கு முந்தைய நாள் சந்தையில் மாசிபத்திரிக் கட்டு விற்றார்கள், வாசலில் தொங்கவிட. கூடவே வாள் மாதிரி நீண்ட இலைகள். கசக்கி முகர்ந்தால் நம்ம வசம்பு! பேய் பிசாசை வெட்டும் வாளாம்.

பண்டிகைப் பலகாரமான ஸோங்ஸி, அதாவது இலையில் பொதிந்து வேகவைத்த ஒட்டரிசிச் சோறு, அதன் கதையிலும் இதே சாயல். தனக்காக ஆற்றில் போடும் சோற்றை நீர்நாகம் தின்றுவிடுகிறது என்று ச்சூ யுவானின் ஆவி வந்து முறையிட்டதாம். மலைவேம்பு இனத்து இலையால் மூடி ஐந்து நிற நூலால் கட்டுங்கள், அதற்கு இரண்டும் பயம் என்றதாம். இப்போது மூங்கில் இலைதான். சுசோவில் உள்ளே பன்றி இறைச்சி வைப்பார்கள். எனக்குப் பிடித்தது சிவப்புப் பயறு வைத்தது.

அக்கா குழந்தை கையில் வசம்பு வளையல் போட்ட படத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன். உடனே பேரனை இழுத்துவந்து மணிக்கட்டைக் காட்டினார். அதே ஐந்து நிற நூல். பண்டிகை முடிந்து முதல் மழை வந்ததும் அறுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம்.