வளைந்த சைக்கிளை இப்போதைக்கு நிமிர்த்த வேண்டாம்

கேள்வி: பல்லடத்துக்குக் கிழக்கே, கோவை–திருச்சி சாலையை ஒட்டியது எங்கள் கிராமம். கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். எங்கள் அம்மணி அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். வயது 16. நான்கு மாதங்களுக்கு முன் பள்ளி விட்டதும், அரசு கொடுத்த சைக்கிளில் வாசலுக்கு எதிரே சாலையைக் கடந்தபோது, நூல் மூட்டை ஏற்றி வந்த சரக்கு வேன் மோதிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். வேன் உரிமையாளர், ‘பெண்தான் பார்க்காமல் குறுக்கே வந்தாள், ஹெல்மெட்டும் போடவில்லை’ என்கிறார். 40,000 ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுக்கும்படியும் கேட்கிறார். வேகத்தடை கேட்டு ஊரே மறியல் செய்தது, இதுவரை வரவில்லை. சைக்கிளின் படங்களை இணைத்திருக்கிறேன். அதை நிமிர்த்தி அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: ஐயா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சைக்கிளையும் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் அனுப்பிய படங்களை நெடுநேரம் பார்த்தேன். முன்சக்கரம் நேராக இருக்கிறது. பின்சக்கரம் இடப்பக்கத்திலிருந்து அடிவாங்கி உள்ளே மடங்கியிருக்கிறது. கேரியர் கம்பியில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. சாலை நடுவே தடுப்புச் சுவர் இல்லாத இடம் அது. பள்ளி வாசலிலிருந்து கடப்பவருக்கு முதல் பாதியில் வண்டிகள் வலப்பக்கமிருந்து வரும். நடுக்கோட்டைத் தாண்டிய பிறகே இடப்பக்கமிருந்து வரும். ஆகவே உங்கள் மகள் பாதிச் சாலையைக் கடந்து, மறுபாதியையும் ஏறக்குறைய முடித்துவிட்ட பிறகுதான் அடிபட்டிருக்கிறாள். திடீரென்று குறுக்கே பாய்ந்திருந்தால் நொறுங்கியிருக்க வேண்டியது முன்சக்கரம். அந்தப் பெண் தன் முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருப்பதைப் பார்க்க ஓட்டுநருக்கு நேரம் இருந்தது என்பதற்கு இந்தச் சைக்கிளே சாட்சி. நாலா பக்கமும் தேதியோடு படம் எடுத்து, சாக்குப் போட்டு மூடி, மழை படாத இடத்தில் வையுங்கள். போலீசார் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். தம்பிக்கு வேறு சைக்கிள் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, காவல் நிலையம். மனு ரசீது என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 125-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பொதுச் சாலையில் தாறுமாறாக ஓட்டுவது 281-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டிலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும். நிலையத்தில் மறுத்தால் திருப்பூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதிலும் நடக்காவிட்டால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். நான்கு மாதம் போய்விட்டதே என்று கலங்காதீர்கள். லாரி மோதிய எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்காக அவன் தந்தை மூன்று மாதங்களுக்கு மேல் கழித்துப் புகார் கொடுத்த வழக்கில், குழந்தையின் சிகிச்சைக்காக ஓடிய தகப்பன் காவல் நிலையத்துக்குத் தாமதமாக வந்தார் என்பதற்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரவி எதிர் பத்ரிநாராயண் என்பது அந்த வழக்கு.

ஆனால் பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓட்டினால் துணி முழுக்கக் கோடு விழும் என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். வழக்கிலும் முதல் நாள் காகிதம் அப்படித்தான். மருத்துவமனையில் சேர்த்த அன்று எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். அதில் ‘சைக்கிளிலிருந்து விழுந்தாள்’ என்று யாரோ அவசரத்தில் சொன்னது பதிவாகியிருந்தால், வேனே மோதவில்லை என்று வாதாடுவார்கள். அப்படி எழுதியிருந்தால் உங்கள் வழக்கறிஞருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு கெடு வைத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அவற்றை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடம் இவற்றில் எந்த எல்லையிலுள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். வக்கீல் கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இப்போது, ‘பார்க்காமல் வந்தாள்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். ஒன்பது வயது. லாரி மோதிக் கை முறிந்தவன். சாட்சிக் கூண்டில் ஏறினால் தலை மட்டும்தான் தெரிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், ‘கடக்கும் முன் வலப்பக்கம் பார்த்தாயா?’ என்று கேட்டார். அவன் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, சோறு சாப்பிடும் கை எது என்று பார்த்துக்கொண்டு, பிறகு அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பிக் காட்டினான். நீதிமன்றம் முழுக்க அமைதியாகிவிட்டது. ஒரு குழந்தையிடம் பெரியவரின் நிதானத்தை எதிர்பார்ப்பது எவ்வளவு அநியாயம் என்பதை அதற்குமேல் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

உங்கள் மகளுக்கு வயது 16. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை அப்படியே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவள் பக்கமும் ஓரளவு தவறு என்று நீதிபதி கருதினால் தொகையில் ஒரு பங்கைக் கழிக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ஒவ்வோர் ஓட்டுநரும் நடந்துசெல்வோர், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று கடமையே விதித்திருக்கின்றன. பள்ளி விடும் நேரத்தில் பள்ளி வாசலில் பிள்ளைகள் வருவார்கள் என்பது அந்த வழியில் மூட்டை ஏற்றிப் போகிற எவருக்கும் தெரியாத செய்தி அல்ல. ஹெல்மெட் பேச்சும் நிற்காது. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது, மிதிவண்டிக்கு அல்ல. முறிந்ததோ கால். (ஆனாலும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு ஒரு தலைக்கவசம் வாங்கித் தாருங்கள், சட்டத்துக்காகச் சொல்லவில்லை.)

தொகையைப் பற்றி. கொடுங்காயத்துக்கு யாருடைய தவறு என்றே நிரூபிக்காமல் இரண்டரை லட்சம் ரூபாய் பெற அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழி செய்கிறது. 40,000 எங்கே, இரண்டரை லட்சம் எங்கே என்று பாருங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டுவிட்டால் 166-ஆம் பிரிவு மனு அதோடு முடிந்துவிடும். ஆகவே அவசரப்பட வேண்டாம். சிகிச்சை முடிந்து, நிரந்தர ஊனம் எவ்வளவு என்று மருத்துவச் சான்று வந்த பிறகு எது மேல் என்று முடிவு செய்யலாம். மனுவை மட்டும் கெடுவுக்குள் போட்டுவைக்க வேண்டும். 2013-இல் மாஸ்டர் மல்லிகார்ஜுன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் நிரந்தர ஊனம் 10 சதவீதத்துக்கு மேல் 30 வரை இருந்தால் மருத்துவச் செலவு போக 3 லட்சம் என்று அளவுகோல் வைத்தது. அந்தத் தொகை எல்லாருக்கும் போதாது என்பதும் பின்னால் ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. 2020-இல் காஜல் வழக்கில், முற்றிலும் முடங்கிப்போன 12 வயதுப் பெண்ணுக்கு எதிர்கால வருமான இழப்பையும் கணக்கிட்டு 60 லட்சத்துக்கும் மேல் வழங்கினார்கள். உங்கள் மகளின் காயம் அந்த அளவு அல்ல, நல்லவேளை. பிளேட்டை எடுக்க இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமானால் அதன் உத்தேசச் செலவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பள்ளிக்குப் போகாத நாட்கள், உடனிருக்க உங்கள் மனைவி இழந்த கூலி, ஆட்டோ செலவு எல்லாம் கணக்கில் சேரும்.

வேனுக்கு நடப்பிலுள்ள காப்பீடு இருந்தால் இதைக் கட்டப்போவது உரிமையாளர் அல்ல, காப்பீட்டு நிறுவனம். அவர் கையிலிருந்து 40,000 தர முன்வருகிறார் என்றால் காப்பீட்டிலோ ஓட்டுநரின் உரிமத்திலோ ஏதாவது சிக்கல் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். மத்திய அரசின் ‘பரிவாஹன்’ போக்குவரத்து இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எதுவரை என்று தெரியும். இன்னொன்று, மகள் மைனர். வழக்கில் சமரசம் பேசினாலும் மைனர் சார்பில் நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும். கிடைக்கும் தொகையைத் தீர்ப்பாயம் வழக்கமாக வங்கியில் அவள் பெயரில் வைப்பு வைக்கச் சொல்லும்.

சாலை விஷயத்தில் உங்கள் ஊர் கேட்டதில் ஒரு பிழை இருக்கிறது. கேட்கும் முறையைத்தான் சொல்கிறேன். உங்கள் ஊர்ச் சாலையைப் போன்ற தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கொள்கை. அதனால்தான் மறியல் செய்தாலும் இரண்டு பேரிகேட் வந்து நிற்பதோடு சரி. இரவோடு இரவாக ஊராரே சிமெண்ட் மேடு போடுவதையும் பார்க்கிறேன். அடுத்து விழுபவர் உங்கள் ஊர்க்காரராகவே இருப்பார், வழக்கும் உங்கள்மேல் வரும். அதற்குப் பதிலாக, பள்ளி எச்சரிக்கைப் பலகை, அதிர்வுக் கோடுகள், கோடு போட்ட கடவை, மின்னும் மஞ்சள் விளக்கு, வாசலில் தடுப்புக் கம்பி, சாலையோரம் நடைபாதை என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். நடைபாதைக்கு 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வரை இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டி சொல்கிறது. முதலில் அந்த இடத்தைப் பராமரிப்பது யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் நம் கொங்கு மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. நாடு முழுக்க சாலைப் பாதுகாப்பைப் பேசவைத்த பொதுநல வழக்கை 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். நொறுங்கிய கால்களை நாள்தோறும் சரிசெய்தவர், அவை நொறுங்கும் இடத்தைச் சரிசெய்யச் சொல்லி டெல்லிக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில், நடப்பவர்களையும் மோட்டார் இல்லாத வண்டிகளையும் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் மாநிலங்கள் 6 மாதத்துக்குள் விதி வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உங்கள் மனுவில் இந்த இரண்டு உத்தரவுகளையும் தேதியோடு எழுதுங்கள். ‘நிதி இல்லை’ என்று பதில் வந்தால், 1980-இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்தச் சாக்கை ஏற்க மறுத்ததைக் காட்டலாம். கடைசி வழி ரிட் மனு, அதாவது அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்பது. திருப்பூர் மாவட்டத்துக்குச் சென்னையில் போட வேண்டும். (கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.) பதினோராம் வகுப்பில் பிள்ளையின் கையில் சைக்கிளைக் கொடுக்கும் அரசுக்கு, அதை ஓட்டிப் போக ஓரடி இடம் கொடுக்கும் கடமையும் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் ஏற்கிறது. தூக்கிச் சென்று சேர்த்தவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பயந்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

ஸ்கூட்டர் வேண்டாம், ஐயா. 18 வயது ஆகாமல் அவளுக்கு அதற்கான உரிமம் கிடைக்காது. 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும். மைனர் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவில் பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து. அவளுக்கு 25 வயது வரை உரிமமும் கிடையாது. இன்று நீங்கள் நியாயம் கேட்கும் இடத்தில் நிற்கிறீர்கள். அந்த வண்டியால் வேறொரு பிள்ளை அடிபட்டால் எதிர்க்கூண்டில் நீங்கள் நிற்க வேண்டிவரும். கால் ஊன்றி நடக்கும்வரை பள்ளிப் பேருந்துப் பாஸில் போகட்டும். கண்காணிப்பாளருக்கான மனுவை இந்த வாரமே அனுப்பி, தபால் ரசீதை எக்ஸ்ரே படங்களோடு ஒரே பையில் வைத்துக்கொண்டு சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள்.