பிளேட்டைப் போட்டதும் எஞ்சின் நின்றால்

வணக்கம் தம்பி. செங்கலடித் தென்னந்தோட்டத்துக்குப் பார்த்திருக்கிற பழைய புல்வெட்டும் டிராக்டர் சும்மா நிற்கும்போது நன்றாக ஓடுகிறது, புல்லை வெட்டும் பிளேட்டைச் சுற்றவிட்டதும் நின்றுவிடுகிறது, கராஜில் காபரேற்றரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று நின்றால், அநேகமாக சீற்றுக்குக் கீழே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்தான். ஆள் இல்லாமல் பிளேட் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்தது. வயர் முனையில் களிம்பு பிடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, நீங்கள் அமர்ந்திருப்பதே அதற்குத் தெரியாது. முனையைச் சுத்தம் செய்யுங்கள். சரிவராவிட்டால் சுவிட்சை மட்டும் மாற்றுங்கள். சிலர் சுவிட்சே வேண்டாம் என்று வயரை வேறு மாதிரி முடிந்துவிடுவார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், தவறி விழுந்தால் கால் போய்விடும்.

திணறித் திணறி நின்றால் கதை வேறு. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் வயரையும் பிளேட்டைச் சுற்றும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, பிளேட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தாலோ கரகரத்தாலோ பேரிங் போய்விட்டது. அது சரியென்றால் பழைய பெற்றோலை வடித்து, பில்டரை மாற்றுங்கள். காபரேற்றர் அதற்குப் பிறகுதான்; அதையும் முதலில் கழுவிப் பார்க்கலாம்.

அப்புறம், முழுக்காசு கொடுக்குமுன் பிளேட்டை மூடியிருக்கும் தகரத்தைக் கீழிருந்து பாருங்கள். மாரியில் ஈரப்புல் ஒட்டிக் கிடந்தால் அங்கேதான் துருப்பிடிக்கும். ஸ்குரூட்ரைவரால் குத்தி உள்ளே போனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், குறைக்காவிட்டால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.