‘பள்ளியிலேயே பேசி முடிக்கலாம்’ என்கிறார் தாளாளர்: நான் புகார் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி ஊழியர் ஒருவர் தன்னைத் தொடக்கூடாத இடத்தில் தொடுவதாக என் வகுப்புக் குழந்தை அழுதுகொண்டே சொன்னாள். நான்கு நாளாகிறது. தாளாளரிடம் சொன்னேன். “முதலில் நாமே விசாரிப்போம். ஆதாரம் இல்லையென்றால் உங்கள் மேல்தான் கேஸ் திரும்பும். டாக்டர்களே பெயர் சொல்லத் தேவையில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கலாம்” என்கிறார். நான் என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: புகார் கொடுத்தே ஆக வேண்டும் டீச்சர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19 இதைச் சொல்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. தாளாளர் உங்களைப் பயமுறுத்துகிறார். உண்மையில் பயப்பட வேண்டியவர் அவர்தான்.

ஆதாரம் தேடுவது உங்கள் வேலையே இல்லை. குழந்தை என்ன சொன்னாள், எப்போது சொன்னாள், அவ்வளவுதான் நீங்கள் சொல்ல வேண்டியது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் எந்த வழக்கும் நிற்காது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டுதான். ஆனால் அது ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய் சொல்பவருக்கு. நாளைக்கு அந்த ஊழியர் விடுதலையே ஆனாலும் அதனால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்.

அந்த டாக்டர் சமாசாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வைத்து ஊரையே குழப்புகிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது கருக்கலைப்பு வழக்கு ஒன்றில். 18 வயதுக்குட்பட்ட பெண் கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் விவரங்களையும் டாக்டர் விட்டுவிடலாம். கவனியுங்கள், விட்டுவிடலாம் என்பது பெயரை மட்டும்தான். தகவலே கொடுக்க வேண்டாம் என்று அங்கேயும் சொல்லவில்லை. பதிவு பெற்ற மருத்துவருக்கு, கருக்கலைப்பில், அவர்கள் கேட்டுக்கொண்டால் மட்டும் கிடைத்த சலுகை அது. பள்ளித் தாளாளருக்கு அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அடுத்தது, நான் பத்து தடவை எழுதியும் தீராத விஷயம்: பேசி முடிப்பவர்கள். போலீசுக்கு விஷயம் போனதுமே வாசலில் ஒருவர் முளைப்பார். வார்டு பிரமுகராக இருப்பார், ரிட்டயர்டு ஆளாக இருப்பார், சில சமயம் கறுப்புக் கோட்டும் போட்டிருப்பார். “பெண் குழந்தை, எதிர்காலம் பாருங்கள்” என்று பெற்றோரிடம் ஒரு தொகை பேசுவார், அதில் அவர் பங்கு போய்விடும். போக்சோ வழக்கை இப்படி முடிக்க முடியாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மேல் இருந்த வழக்கை, குழந்தையின் தந்தை சமரசம் ஆகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்து வழக்கை நடத்தச் சொன்னது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க யாராவது வந்தால் போடாதீர்கள் என்று பெற்றோரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இன்னொரு கூட்டம் “இழப்பீடு வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு” என்று வரும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். இடைக்கால இழப்பீட்டைச் சிறப்பு நீதிமன்றமே உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு கொடுத்துவிட வேண்டும் என்கிறது விதி. அந்த 30 நாள் எவ்வளவு நீளும் என்பதை அலைந்த தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, எங்கே போவது? அனைத்து மகளிர் காவல் நிலையம், இல்லாவிட்டால் பக்கத்துக் காவல் நிலையம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் எடுப்பார்கள், ஆனால் சட்டம் போலீஸ் என்று சொல்வதால் போனோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டி “விசாரிக்கிறோம், போங்க” என்பார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கும் அதே 6 மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதன்படி ஒருவர் உள்ளே போனதை நான் இன்னும் பார்க்கவில்லை.

குழந்தையிடம் மறுபடி மறுபடி கேட்காதீர்கள். முக்கியமாக, போனில் வீடியோ எடுக்க வேண்டாம். அது ஏதாவது வாட்ஸாப் குழுவுக்குப் போனால் வேறு குற்றமாகிவிடும். வாக்குமூலம் வாங்கப் போலீஸ் சீருடை இல்லாமல் அவள் வீட்டுக்கே வர வேண்டும், முடிந்தவரை பெண் அதிகாரியாக.

நான்கு நாள் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். கதை கட்ட வேண்டாம். தாளாளரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அப்படியே மனுவில் எழுதுங்கள்.