பம்பில் போட்டு இழுக்க முடியாதா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இரண்டு முறை கீமோ ஏற்றியாயிற்று, ஒரு வாய் கஞ்சி இறங்க மாட்டேன் என்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவில், நானோ மருந்தை மூச்சில் இழுத்தாலே போதும், முடிகூடக் கொட்டாது என்கிறார்கள். அப்பாவிடம் ஆஸ்துமா பம்ப் இருக்கிறது. அதில் போட்டுத் தர முடியாதா?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: முடியாதும்மா. ஆனால் அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லையே. ட்ரிப்பில் ஏற்றும் கீமோ ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றி, வேகமாகப் பெருகும் செல் எதைக் கண்டாலும் அடிக்கிறது. முடியின் வேரும் குடலின் உள்சவ்வும் அதில் மாட்டிக்கொள்கின்றன. அதையே நேராக நுரையீரலுக்குள் விட்டால் கட்டிக்குக் கூடுதலாகவும் மற்ற இடங்களுக்குக் குறைவாகவும் போகுமே என்பதுதான் யோசனை. நல்ல யோசனைதான்.

சிக்கல் துளியின் அளவில் இருக்கிறது. 5 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய துளிகளில் பெரும்பாலானவை தொண்டையிலும் பெரிய குழாய்களிலுமே ஒட்டிக்கொள்ளும், அரை மைக்ரான் அளவில் இருந்தாலோ நிறைய துகள்கள் போன வேகத்தில் மூச்சோடு வெளியே வந்துவிடும். அதனால், மைக்ரானைவிடவும் சின்னதான நானோ துகள்களை 1 முதல் 5 மைக்ரான் துளிக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள், ஆட்களை பஸ்ஸில் ஏற்றிவிடுகிற மாதிரி. போய்ச் சேர்ந்த பிறகும் சளி வெளியே தள்ளப் பார்க்கும், காவல் செல்கள் விழுங்கப் பார்க்கும். கட்டியே காற்றுக்குழாயை அடைத்திருந்தால் அந்தப் பக்கம் மருந்து எட்டவே எட்டாது.

இழுக்கிற நானோ மருந்து நிஜமாகவே உண்டு. அமிக்கசின் என்ற கிருமிக்கொல்லியைக் கொழுப்புக் குமிழ்களில் அடைத்து, நெபுலைசரில் (மருந்தைப் பனித்துளியாக்கித் தரும் கருவி) இழுக்கும் அரிகேஸ் என்ற மருந்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஒருவகை நுரையீரல் கிருமித்தொற்றுக்கு. புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின், டாக்ஸோருபிசின் என்ற கீமோ மருந்துகளை இழுக்கவைத்துச் சோதித்திருக்கிறார்கள், டாக்ஸோருபிசினில் சிலருக்கு நுரையீரலே பாதிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சையாக இன்னும் எதுவும் வரவில்லை. நானோதான் வேண்டும் என்றால், ஆல்புமின் என்ற புரதத்தோடு பிணைத்த பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து இருக்கிறது, சுமார் 130 நானோமீட்டர், அமெரிக்காவில் 2012 முதல் நுரையீரல் புற்றுநோய்க்கும் தருகிறார்கள். அதையும் ட்ரிப்பில்தான் ஏற்ற வேண்டும், முடியும் கொட்டத்தான் செய்யும்!

டாக்டரிடம் கேட்க ஒன்று உண்டு: அப்பாவின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? நம் ஆசியப் பக்கத்தில், குறிப்பாகப் புகைபிடிக்காத நோயாளிகளிடம், இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது, இருந்தால் மாத்திரையே உண்டு. அப்புறம், கஞ்சி இறங்காததை அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்காமல் இன்றே கீமோ நர்சுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். குமட்டல் மருந்தை மாற்றிப் பார்க்க நிறைய வழி இருக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் 'நானோ மஞ்சள் எண்ணெய்' விற்கிறார்கள். அம்மாவின் நெபுலைசரில் ஊற்றலாமா?
- ஒரு வாசகர், ஜூரோங்

பதில்: ஐயோ, வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். மஞ்சள் ரசத்தில் இருக்கட்டும்.