இணையவழிக் குழந்தைக் கடத்தலுக்கு வலைத்தளங்களைப் பொறுப்பாக்க முடியுமா?

பயனர் எழுதிப் போடும் விளம்பரத்துக்கு அதை வெளியிடும் தளம் எப்படிப் பொறுப்பாகும், மிரட்டல் கடிதம் வந்தால் தபால்காரரையா கைது செய்வோம் என்று கேட்டிருக்கிறீர்கள். தபால்காரர் உறையைப் பிரிப்பதில்லை, அவரை விட்டுவிடலாம். உறையைப் பிரித்து, உள்ளே உள்ளதைப் படித்து, மாட்டிக்கொள்ளக்கூடிய சொற்களை மட்டும் அடித்துவிட்டு, மறுபடி ஒட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை என்ன செய்வது? பேக்பேஜ் என்ற அமெரிக்க வரி விளம்பரத் தளம் செய்தது இதைத்தான்.

2004இல் தொடங்கப்பட்ட அத்தளத்தில் வாடகை வீடும் பழைய சாமானும் இருந்தன. ஆனால் பணம் வந்தது 'வயது வந்தோர்' பகுதியிலிருந்து. 15 வயது முதலே அதில் விளம்பரப்படுத்தி விற்கப்பட்டதாகக் கூறிய மூன்று பெண்கள் தொடுத்த வழக்கை, பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தது. பிறர் தரும் தகவலுக்கு இணையச் சேவை நிறுவனத்தை வெளியீட்டாளராகக் கருதக்கூடாது என்று சொல்லும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவே அதற்குக் காரணம். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

அதே வாரத்தில் அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. சிறுமி, பதின்வயது, இளம் என்ற பொருள்படும் சொற்களைத் தளத்தின் மென்பொருளே விளம்பரத்திலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியதை வெளியிட்டு வந்தது என்பதை அது நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டே காட்டியது. நீக்கப்பட்ட சொற்களில் 'ஆம்பர் அலர்ட்' என்பதும் ஒன்று. கடத்தப்பட்ட குழந்தையைத் தேட அந்நாட்டில் விடுக்கப்படும் அவசர அறிவிப்பின் பெயர் அது. விளம்பரதாரர் 18க்குக் குறைவான வயதை உள்ளிட்டால், வயது 18க்கு மேல் இருக்கவேண்டும் என்ற செய்தி வரும். வேறோர் எண்ணைத் தட்டிவிட்டு அவர் மேலே போகலாம். காணாமற்போன குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையத்துக்குப் பொதுமக்களிடமிருந்து வந்த குழந்தைக் கடத்தல் புகார்களில் 73 விழுக்காடு இந்த ஒரே தளத்தோடு தொடர்புடையவை என்றும் அவ்வறிக்கை குறிப்பிட்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. சென்னையில் ஒரு வரி விளம்பரத் தளத்தில் சில ஆண்டுகள் விளம்பரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன், பெயர் வேண்டாம். எங்கள் திரையில் மூன்றே பொத்தான்கள்: அனுமதி, நிராகரி, திருத்தி அனுமதி. ஒரு நாள், வீட்டு வேலைக்குச் சுறுசுறுப்பான சிறுமி தேவை, தங்கும் இடமும் சாப்பாடும் உண்டு, படிக்கவும் வைப்போம் என்று ஒரு விளம்பரம் வந்தது. அதிலிருந்த கைபேசி எண் வேறு இரண்டு ஊர்களில், வேறு இரண்டு பெயர்களில் ஏற்கெனவே இருந்தது. நிராகரித்தேன். எந்தச் சொல் விதிக்குப் புறம்பானது என்று விளம்பரதாரருக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் போனது. மறுநாள் அதே எண், அதே வாசகம், 'சிறுமி' இருந்த இடத்தில் 'பெண்' என்று வந்தது. எந்த விதியும் மீறப்படாததால் அது அனுமதிக்கப்பட்டது. காவல்துறைக்குச் சொல்லலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "முதல்ல வந்ததை ரிஜெக்ட் பண்ணிட்டீங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். நான்காவது பொத்தான் எங்களில் யாருக்குமே தரப்படவில்லை, அவ்வளவுதான். நிராகரித்த விளம்பரமும் அது வந்த இணைய முகவரியும் சில வாரங்களில் தாமாக அழிந்துவிடும். கடத்துபவரைத் தேடி வருகிற காவலருக்கு நாங்கள் துடைத்து வைத்திருந்த இடம்தான் மிஞ்சும்.

ஆகவே பொறுப்பாக்க முடியும், ஆக்கவும் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எதற்குப் பொறுப்பு என்பதில் அமெரிக்கா முதலில் சறுக்கியது என்று நினைக்கிறேன். 2018 ஏப்ரல் 11இல் கையெழுத்தான ஃபோஸ்டா சட்டம், விபசாரத்துக்கு வழிசெய்யும் நோக்கோடு தளம் நடத்துவதையே குற்றமாக்கி, கடத்தலையும் வயது வந்தோரின் பாலியல் தொழிலையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. கையெழுத்தாகும் முன்பே கிரெய்க்ஸ்லிஸ்ட் தளம், வம்பு எதற்கென்று, துணை தேடும் பகுதி முழுவதையும் மூடிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், பேக்பேஜ் முடக்கப்பட்டது ஃபோஸ்டா கையெழுத்தாவதற்கு ஐந்து நாள் முன்பு, பழைய சட்டங்களைக் கொண்டே. கூட்டாட்சிக் குற்றவியல் வழக்குகளை 230ஆம் பிரிவு ஒருபோதும் தடுத்ததில்லை. பேக்பேஜின் தலைமைச் செயல் அதிகாரி கார்ல் ஃபெரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். புதிய குற்றப்பிரிவோ, அரசின் தணிக்கை அமைப்பு 2021இல் கணக்கெடுத்தபோது, ஒரே ஒரு முறைதான் பயன்பட்டிருந்தது. விளம்பரங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு இடம் மாறியதால் புலனாய்வு கடினமானது என்றும் அதே அமைப்பு சொன்னது.

2024 மே மாதம் அமெரிக்காவில் வந்த ரிப்போர்ட் சட்டம் எனக்கு அதைவிட உருப்படியாகத் தெரிகிறது. குழந்தைகளைப் பாலியல் தொழிலுக்குக் கடத்துவது தெரியவந்தால் தளங்கள் அந்தத் தேசிய மையத்துக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டும். அறிவித்ததற்குரிய தகவல்களை முன்போல் 90 நாட்கள் அல்ல, ஓராண்டு காக்கவேண்டும். நான் தேடிய நான்காவது பொத்தான் ஏறக்குறைய இதுதான். தானாகத் தேடிப் பார்க்கும் கடமையை மட்டும் அந்நாட்டுச் சட்டம் இன்னும் விதிக்கவில்லை. ஆகவே கண்ணை மூடிக்கொள்ளும் தளத்துக்கு அங்கே இன்றும் ஆதாயம்தான்.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் போடும் தகவலுக்குப் பொறுப்பாகாதபடி தளங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. குழந்தைகள் தொடர்பான ஆபாசக் காட்சிகளைப் பதிவிறக்கித் தனியே பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை அதே ஆண்டு செப்டம்பரில் திருத்திய உச்ச நீதிமன்றம், தளங்களைப் பற்றியும் ஒன்று சொன்னது: அத்தகைய காட்சிகளை நீக்கினால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி காவல்துறைக்கும் உடனே அறிவித்தால்தான் 79ஆம் பிரிவின் நிழலில் நிற்கமுடியும். அந்தத் தீர்ப்பு பேசியது பாலியல் சுரண்டல் காட்சிகளைப் பற்றி. 'சிறுமி' என்பதைப் 'பெண்' என்று மாற்றிக்கொண்டு வந்த வீட்டு வேலை விளம்பரம் அதற்குள் அடங்காது.