டிடிஎஸ் குறைந்துவிட்டால் போர் தண்ணீர் பயமில்லையா?

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் வீடு. போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 900 மில்லிகிராம், ஆர்.ஓ. போட்டபின் 180. தோல் ஷாப்புகள் (தோல் பதனிடும் ஆலைகள்) உள்ள ஊரில் பிஎஃப்ஏஎஸ் என்று புதிதாக ஏதோ சொல்கிறார்களே, இது போதுமா?

போதாது. டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது தண்ணீரில் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும்தான். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்துக்கு இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 வைத்த வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தோலில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசும் சில பூச்சுகளில் உள்ள பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம்) இன்னும் மோசம்: அதில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் அமெரிக்கா 2024-ல் வைத்த வரம்பு லிட்டருக்குத் தலா 4 நானோகிராம். உங்கள் மீட்டரில் இதெல்லாம் ஒரு எண்ணைக்கூட அசைக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்றி அடர்த்திதான் கூடும்.

முதலில் அந்த 180-ஐப் பாருங்கள். நல்ல மெம்ப்ரேன் (ஆர்.ஓ.வில் உப்பை வடிக்கும் சவ்வு) 900-ஐ 45, 50-க்கு இறக்கிவிடும். 180 என்றால் மெம்ப்ரேன் போயிருக்க வேண்டும், அல்லது ருசிக்காக, வடிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலரைத் திறந்து வைத்திருப்பார்கள். திறந்திருந்தால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு மெம்ப்ரேனையே பார்க்காத தண்ணீர். சின்ன திருகுதான், முழுக்க மூடுங்கள். 'ஆர்.ஓ. சத்தையெல்லாம் எடுத்துவிடும்' என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். நான் சொல்வது இந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு. ஆர்.ஓ. வெளியே தள்ளும் ரிஜெக்ட் தண்ணீரைப் போர் பக்கத்துக் குழியில் விடாதீர்கள்.

டெஸ்ட் கொடுக்கும்போது சாதாரண குடிநீர் பேக்கேஜில் குரோமியம் பெரும்பாலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். ஆறரை இஞ்ச் போரில் அடிக்கு ஆறரை லிட்டர்; 200 அடி தண்ணீர் நின்றால் 1,300 லிட்டர். அதுபோல் மூன்று மடங்கு ஓடவிட்டு, டேங்கில் அல்ல, மோட்டார் வாயில் பிடியுங்கள். மொத்த குரோமியத்துக்கு லேப் தரும் அமிலம் விட்ட பாட்டில். அதில் அதிக நச்சான வகையான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமிலமே கூடாது. அமிலம் பட்டால் அது மூன்று இணைதிறன் குரோமியமாக மாறி ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்துவிடும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேருங்கள். பிஎஃப்ஏஎஸ்ஸுக்கு பாலிப்ரொப்பிலீன் பாட்டில். குழாயில் புதிதாக டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதுவே அந்தக் குடும்பம்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு, பழுப்பாகக் கலங்கியதும் 'பாருங்க சார், விஷம்' என்கிறார்களே, அது கம்பியின் இரும்பு கரைந்த துரு. அவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும்.